பிளேடு தீர்ந்துவிட்டது

ஜூலை 3

இந்தக் குறிப்பை எழுத வைத்தது என் கழுத்து. திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் நிற்பது என் பிழைப்பு. ஆண்கள் தினமும் முகத்தை வழுவழுவென்று மழித்துக்கொண்டு வர வேண்டும் என்பது அங்கே சட்டம். மீசைக்கு அனுமதி உண்டு, தாடிக்குக் கிடையாது. ஐந்து பிளேடு அடுக்கிய கேட்ரிட்ஜ் ரேசரால் வருடக்கணக்கில் சுரண்டியதில் என் கழுத்து இறகு பிடுங்கிய கோழி மாதிரி ஆகிவிட்டது. முடி வெளியே வராமல் தோலுக்குள்ளேயே சுருண்டு கட்டி கட்டியாக நிற்கிறது. நேற்று அறை கேட்டு வந்த கும்பகோணத்துக்காரர் இரண்டடி தள்ளி நின்று, "தம்பிக்கு அம்மை போட்டிருக்கா?" என்று கேட்டார். சாவியைக் கையில் வாங்காமல் மேசையில் வைக்கச் சொல்லி எடுத்துக்கொண்டார்.

அதனால் பழைய முறைக்கு மாறுகிறேன். ஒற்றை பிளேடு போடும் கனத்த ரேசர், பிரஷ், கிண்ணம், சந்தன வாசனையோடு வட்டமாக ஒரு வெளிநாட்டுச் சோப்பு, வெட்டுக்கு வைக்கப் படிகாரக் கட்டி. வாட்ஸ்அப்பில் இதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. வேலை வெட்டி உள்ள ஆண்கள்தான், ஆனால் காலையில் எழுந்ததும் நுரையைப் படம் எடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள். புதிதாகச் சேர்பவன் ஒவ்வொரு சவரத்தையும் எழுதி வைக்க வேண்டுமாம். எந்த பிளேடு, எந்தச் சோப்பு, எத்தனை வெட்டு, எவ்வளவு எரிச்சல். எழுதினால்தான் கை பழகும் என்கிறார் குழுவின் அட்மின்.

கோமதி பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். "நம்ம கல்யாணத்துக்குக்கூட நீ இவ்வளவு தயார் பண்ணலடா" என்றாள். கோமதி என் மனைவி. பள்ளியில் வேதியியல் ஆசிரியை. அவள் அம்மா முன்னால் நான் 'அவங்க', மற்ற நேரத்தில் 'டேய்'. இப்போது அவளுக்கு நாலாம் மாதம்.

ஜூலை 4

பிளேடு: பெட்டியோடு வந்தது. சோப்பு: சந்தனம். வெட்டு: எண்ணவில்லை. எரிச்சல்: பச்சை மிளகாய்.

கேட்ரிட்ஜை அழுத்திய அதே வேகத்தில் இதையும் அழுத்தினேன். ரேசர் கழுத்தில் ஏறி, தாடையில் திரும்பி, காதோரம் இறங்கிய வழியெல்லாம் ரத்தம். நடுவில் கோமதி வாந்தி எடுக்க ஓடி வந்தாள். எங்கள் வீட்டில் ஒரே குளியலறை. அவள் குனிந்திருக்க, நான் அவள் தலைக்கு மேலே கண்ணாடியைப் பார்த்தபடி காதோரத்தை முடித்தேன். அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தாள்.

வெட்டுகளில் டிஷ்யூ பேப்பரைக் கிழித்து ஒட்டியதோடு வேலைக்குப் போய்விட்டேன். பதினோரு மணிக்கு ஒரு அம்மாள், "தம்பி, மூஞ்சில பேப்பர் ஒட்டியிருக்கு, பில்லா?" என்றார்.

ஜூலை 9

வெட்டு: இரண்டு. எரிச்சல்: மிளகு.

இந்தக் கலையின் ரகசியம் மொத்தமும் ஒரே வார்த்தை. அழுத்தாதே. ரேசரின் கனமே வேலையைப் பார்த்துக்கொள்ளும், நீ சும்மா வழி காட்டு என்று குழுவில் தினம் யாராவது எழுதுகிறார்கள். எனக்குச் சும்மா இருப்பதுதான் வரவில்லை.

கோமதி குளியலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பாடம் எடுத்தாள். நுரை என்பது திரவத்துக்குள் மாட்டிக்கொண்ட காற்று. படிகாரம் புரதத்தை இறுக்குவதால் ரத்தம் நிற்கிறது. பிறகு என் கையிலிருந்து பிரஷைப் பிடுங்கித் தன் கன்னத்திலேயே நுரையைப் பூசிக்கொண்டாள். வெள்ளைத் தாடியோடு, "எப்படிடா இருக்கேன்? எங்க அப்பா மாதிரி இல்ல?" என்றாள். இருந்தாள். நான் சிரித்ததில் மூன்றாவது வெட்டு.

ஜூலை 15

ஸ்கேன். எல்லாம் சரியாக இருக்கிறதாம். சவரமும் சரி. வெட்டே இல்லை.

ஜூலை 26

ஐந்தாம் மாதம் தொடங்கிவிட்டது. போன வருடமும் ஐந்தாம் மாதம் ஒன்று வந்தது. அதோடு நின்றது. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை, இது சவரக் குறிப்பு.

பிளேடு வாங்கியதில் ஒரு கூத்து. பத்து பிளேடு என்று நினைத்துப் பத்து பெட்டி ஆர்டர் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் கட்டுக்கட்டாகச் சின்னப் பொட்டலங்கள். அலமாரித் தட்டு நிரம்பிவிட்டது. "என் பேரன் வரைக்கும் தாங்கும்" என்றேன் கோமதியிடம். அவள் பொட்டலங்களை மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள். பேரன் என்று இங்கே எழுதியதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

ஆகஸ்ட் 6

சங்கரன்கோவிலிலிருந்து மாமியார் வந்து இறங்கிவிட்டார். சண்முகவடிவு. இரண்டு பை முறுக்கு, ஒரு மூட்டை அரிசி, மூட்டு வலித் தைலம். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவர் என்னிடம் நேராகப் பேசியது கிடையாது. மாப்பிள்ளைக்கு மரியாதை என்றால் அந்தப் பக்கம் அப்படித்தானாம். எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் மகளிடம் சொல்வார், மகள் இல்லாவிட்டால் ஃபிரிட்ஜிடம் சொல்வார்.

இன்று சாப்பாட்டு மேசையில் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டு, "ஏட்டி கோமதி, மாப்ளட்ட சொல்லு. இனிமே பிள்ள பொறக்குத வரைக்கும் சவரம் பண்ணக் கூடாது, முடி வெட்டக் கூடாது, மலை ஏறக் கூடாது, துட்டி வீட்டுக்குப் போகக் கூடாது" என்றார். துட்டி வீடு என்றால் அவர்கள் ஊரில் சாவு வீடு.

"அம்மா, முடிக்கும் பிள்ளைக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றாள் கோமதி.

"சம்பந்தம் இருக்கோ இல்லியோ. வயித்துப் பிள்ளக்காரி புருசன் தாடி வளக்கது ஊர்வழக்கம். செஞ்சா கொறஞ்சா போயிரும்?"

எனக்கு வேலையே போய்விடும் என்று ஃபிரிட்ஜைப் பார்த்துச் சொன்னேன். ஃபிரிட்ஜ் பதில் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 7

சவரம் செய்தேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, விசில் அடித்தபடி. வெட்டு இல்லை.

ஆகஸ்ட் 11

மலைக்கோட்டைத் தாயுமானவருக்கு மாமியார் வாழைத்தார் நேர்ந்திருக்கிறார். பிரசவத்துக்கு வர வேண்டிய தாய் ஆற்றில் வெள்ளம் வந்து அக்கரையில் மாட்டிக்கொள்ள, சிவனே தாய் வேடத்தில் வந்து பிரசவம் பார்த்த கோயில். கர்ப்பிணிகளுக்கு அங்கே வேண்டிக்கொள்வது திருச்சியில் எல்லோருக்கும் வழக்கம். சிக்கல் என்னவென்றால் கோயில் மலைமேல் இருக்கிறது. கோமதி படி ஏறக் கூடாது, டாக்டர் உத்தரவு. நான் மலை ஏறக் கூடாது, மாமியார் உத்தரவு. மிச்சம் இருப்பது மாமியாரின் முழங்கால்.

"நான் போய் வேண்டிக்கிட்டு வாரேன்" என்று மகளிடம் சொல்லிக் கிளம்பி, அவரே ஏறினார். நான் கீழே யானை கட்டியிருந்த பக்கம் நின்று செருப்புக்குக் காவல் காத்தேன். இரண்டு மணி நேரம் கழித்துக் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து, பக்கவாட்டாக இறங்கி வந்தார். முகம் வெளுத்திருந்தது. என் கையில் திருநீறு கொடுத்தார், அதையும் என்னைப் பார்க்காமல் கொடுத்தார்.

தாயாக வந்து பிரசவம் பார்த்தவர் கண்டிப்பாகத் தாடியை மழித்துவிட்டுத்தான் வந்திருப்பார் என்று வீட்டுக்கு வந்ததும் கோமதியிடம் சொன்னேன். அவள் தலையணையை எறிந்தாள்.

ஆகஸ்ட் 19

வெட்டு: இல்லை. எரிச்சல்: இல்லை. கழுத்தில் ஒரு கட்டிகூட இல்லை. குழுவுக்குப் படம் அனுப்பினேன், நாற்பது பேர் கைதட்டினார்கள். என் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கே இவ்வளவு பேர் தட்டவில்லை.

எங்கள் மேனேஜர் டொமினிக் சாரும் கவனித்துவிட்டார். "லிங்கம், இப்பத்தான் ஹோட்டலுக்கு ஒரு முகம் கிடைச்சிருக்கு" என்றார். அக்டோபரில் வரவேற்புப் பிரிவுக்குப் பொறுப்பாளர் போடுகிறார்கள். என் பெயர் முன்னால் இருக்கிறதாம்.

மாலையில் வந்து பார்த்தால் சோப்பு பாதி கரைந்திருக்கிறது. மாமியார் குளித்துவிட்டு வந்து மகளிடம், "அந்த வட்டச் சோப்பு நல்லா நொர வருது. எங்க வாங்குனாகன்னு கேளு, ஊருக்கு ரெண்டு கொண்டு போவேன்" என்றார். வீடு முழுக்க என் முகத்தின் வாசனை.

செப்டம்பர் 2

சவரம் பாதியில் நின்றது. கோமதி கூப்பிட்டாள்.

செப்டம்பர் 3

நேற்று நடந்தது. இடது கன்னம் முடித்து வலது கன்னத்துக்கு நுரை போட்டிருந்தேன். "லிங்கம்" என்று கூப்பிட்டாள். 'டேய்' இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். படுக்கை விரிப்பில் ரத்தம். நுரையோடு அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். ஆட்டோக்காரர் என் முகத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் சிக்னல்களைத் தாண்டி ஓட்டினார். மருத்துவமனை வாசலில்தான் சட்டைக் காலரால் நுரையைத் துடைத்தேன்.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. நஞ்சுக்கொடி கீழே இறங்கி கர்ப்பப்பை வாயை மறைத்துக்கொண்டு இருக்கிறதாம், அதனால் ரத்தம் வரும் என்றார் டாக்டர் அம்மா. படுத்தே இருக்க வேண்டும், இனி அசையக் கூடாது. "நீங்க செஞ்சதால வந்ததும் இல்ல, செய்யாததால வந்ததும் இல்ல" என்றார். படம் வரைந்து காட்டினார். நன்றாகப் புரிந்தது. நான் படித்தவன்.

மாமியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

கோமதிதான் பார்த்தாள். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் முள். "மீதியை எப்ப எடுக்கப் போற?" என்றாள்.

"நாளைக்கு" என்றேன்.

செப்டம்பர் 4

சவரம் செய்யவில்லை. நேரமில்லை.

செப்டம்பர் 5

செய்யவில்லை. பிரஷ் ஈரமாக இருந்தது. ஈர பிரஷை உபயோகித்தால் முடி உதிரும்.

செப்டம்பர் 7

விடுப்பு முடிந்து வேலைக்குப் போனேன். இரண்டு கன்னமும் இரண்டு அளவில் இருந்ததால் மாஸ்க் போட்டுக்கொண்டேன். சளி என்றேன். இப்போது விருந்தாளிகள் மூன்றடி தள்ளி நிற்கிறார்கள்.

செப்டம்பர் 9

பிளேடு தீர்ந்துவிட்டது.

செப்டம்பர் 13

டொமினிக் சார் அறைக்குக் கூப்பிட்டு மாஸ்க்கைக் கழற்றச் சொன்னார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மாலை போட்டிருக்கீங்களா?"

"இல்ல சார்."

"போட்டிருக்கேன்னு சொல்லுங்க, ஒரு மண்டலத்துக்கு அனுமதி தரலாம். வேளாங்கண்ணிக்கு வேண்டுதல்னாலும் ஓகே. எங்க ஆளுங்களும் வளப்பாங்க."

"வேண்டுதல் எல்லாம் இல்ல சார். எனக்கு அதுல நம்பிக்கை கிடையாது. தோல் வியாதி. சவரம் பண்ணா கட்டி வருது."

"எங்க, காட்டுங்க."

"தாடிக்குள்ள இருக்கு சார்."

போன மாதம் இதே வாயால்தான் கழுத்தைத் தூக்கிக் காட்டி, புது முறையில் எல்லாம் குணமாகிவிட்டது என்று அவரிடம் பெருமை அடித்தேன். அவருக்கு அது மறந்திருக்காது. ஆனாலும் டாக்டர் சீட்டு கொண்டுவரச் சொல்லிவிட்டு அனுப்பினார். நல்ல மனிதர்.

செப்டம்பர் 21

கோமதி நாள் முழுக்க இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள். பத்தாம் வகுப்பு விடைத்தாள்களை வரவழைத்துப் படுத்தபடியே திருத்துகிறாள். படுத்தவாறு திருத்துவதாலோ என்னவோ, எல்லோருக்கும் மதிப்பெண் குறைகிறது.

இன்று சாயங்காலம் அவளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று, "பிளேடு தீந்துருச்சா?" என்று கேட்டாள்.

"ம்."

"வாங்க வேண்டியதுதானே?"

"கடையில இல்ல."

"ஓ" என்றாள். அவள் படுத்திருக்கும் இடத்திலிருந்து குளியலறை அலமாரி நேராகத் தெரியும். கதவும் திறந்துதான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "டேய், எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்ல. தெரியும்ல?" என்றாள்.

"எனக்கும்தான் இல்ல."

"அப்ப சரி" என்று கையை நீட்டி என் தாடியைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே தூங்கிப்போனாள். நான் குனிந்த முதுகோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கையை எடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை. அவள் மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்பதைச் சவரக் குறிப்பில் எழுதுவது முறை இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

அக்டோபர் 4

வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஒரு மாதமாகப் பதிவு இல்லையாம். என் முகப்புப் படத்தில் தாடி இருப்பதைப் பார்த்து ஒருவர், "துரோகி" என்று போட்டிருந்தார்.

அக்டோபர் 8

பொறுப்பாளர் பதவி ஜெனிஃபருக்குப் போனது. எனக்குக் கீழே மூன்று வருடம் வேலை பார்த்த பெண். கெட்டிக்காரி, அவளுக்குத் தாடி வளர்கிற பிரச்சினையும் இல்லை. என்னைத் துணிக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். துவைத்து வரும் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் எண்ணி அடுக்க வேண்டும். அங்கே என்னைப் பார்க்க யாரும் வருவதில்லை. வந்தாலும் துண்டைத்தான் பார்ப்பார்கள்.

வீட்டில் சொல்லவில்லை. சீருடைக்கு மேல் வரவேற்பு மேசைக் கோட்டு போடாமல் வருவதைப் பார்த்து மாமியார் மட்டும் ஃபிரிட்ஜைத் திறந்து மூடினார்.

அக்டோபர் 15

இன்று ஒரு அதிசயம். மாமியார் என்னிடம் பேசினார்.

காலையில் வேலைக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். கோமதி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். சமையலறையிலிருந்து வந்து எனக்கு முன்னால் நின்றார். ஃபிரிட்ஜ் எதிர்ப்பக்கம் இருந்தது.

"தாடிய எடுத்துருங்க, மாப்ள."

நான் திரும்பி யாரிடம் சொல்கிறார் என்று பார்த்தேன். வேறு மாப்பிள்ளை இல்லை.

"வேலையில கஷ்டம்னு தெரியுது. கோட்டு போடாமலே வாரீக. நான் கிறுக்கச்சி, எதையோ சொல்லிட்டேன். இவ்வளவு தூரம் போகும்னு நெனைக்கல."

"நீங்க சொன்னதுக்காக இல்ல அத்தை. பிளேடு…"

"எனக்கு மட்டும் என்ன தெரியும்? தாடி வளத்தா பிள்ள நிக்கும்னு எந்த டாக்டர் சொன்னாரு? போன வருசம் அவளுக்கு அப்படி ஆனப்போ நான் ஊருல மொளகா காயப் போட்டுக்கிட்டு இருந்தேன். போன் வந்துச்சு. அதுக்கப்புறம் மொளகாயத்தான் அள்ளுனேன், வேற என்ன செய்யன்னு தெரியல. இந்தத் தடவ எதையாவது செய்யணும்னு இருந்துச்சு. அவளக் கட்டிப்போட முடியாது, அதான் உங்களக் கட்டிப்போட்டேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "எடுத்துருங்க. ஒண்ணும் ஆகாது."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். துணிக் கிடங்கில் நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டம் போட்டவரே ரத்து செய்துவிட்டார். சாயங்காலம் குளியலறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டேன். கிண்ணத்தில் வெந்நீர் பிடித்தேன். பிரஷை நனைத்தேன். ரேசரைக் கையில் எடுத்தேன்.

தண்ணீர் ஆறிவிட்டது. ஆறின தண்ணீரில் நுரை வராது. அதனால் செய்யவில்லை.

அக்டோபர் 31

தீபாவளி. மாமியார் எனக்குத் தலைக்கு எண்ணெய் வைத்தார், தாடிக்கும் சேர்த்து. பக்கத்து வீட்டு வெடிச் சத்தத்துக்குக் கோமதியின் வயிற்றில் ஒரு உதை. என் கையை எடுத்து அங்கே வைத்தாள். இன்னொரு உதை. முப்பத்து மூன்றாவது வாரம்.

நவம்பர் 6

பெண் குழந்தை. மறுபடியும் ரத்தம் போனது, உடனே அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிட்டார்கள். ஒன்றே முக்கால் கிலோ. கோமதி பிழைத்துக்கொண்டாள். குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. என் உள்ளங்கை அளவு முதுகு.

அழுதாள். நான் கேட்டேன். பூனைக்குட்டிச் சத்தம்தான், ஆனால் அழுகை.

நவம்பர் 9

பிள்ளை பிறந்துவிட்டால் தாடியை எடுத்துவிடலாம் என்பதுதான் ஊர்வழக்கம். பார்க்க வருகிற எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். டொமினிக் சார் ஆப்பிளோடு வந்து, "இப்பவாவது அந்த வியாதி குணமாகுமா?" என்றார்.

பிறப்பது வேறு, வீட்டுக்கு வருவது வேறு. அவள் இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறாள். மூக்கில் குழாய் இருக்கிறது. வீட்டுக்கு வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். இதற்கும் நம்பிக்கைக்கும் சம்பந்தம் இல்லை. நடக்கிற வண்டியில் எதற்குக் கை வைக்க வேண்டும் என்பதுதான்.

நவம்பர் 11

கோமதிக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்துக் காய்ச்சல் வந்துவிட்டது. நேற்று வரை குழந்தையைத் தினமும் அவள் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள். கங்காரு முறை என்கிறார்கள். வெறும் நெஞ்சில் குழந்தையைக் கவிழ்த்துப் போட்டுத் துணியால் கட்டிவிடுவது. அந்தச் சூட்டில்தான் எடை ஏறுமாம். இனி காய்ச்சல் விடும் வரை அவளால் முடியாது.

சிஸ்டர் ஜெபமணி என்னைத் தேடி வந்தார். "அப்பாதானே நீங்க? நாளைலேர்ந்து நீங்கதான் பிள்ளையை வச்சுக்கணும். ரெண்டு நாளா எடை ஏறவே இல்ல. குளிச்சிட்டு, முன்னாடி பட்டன் வச்ச சட்டை போட்டுட்டு வாங்க." பிறகு என் முகத்தை நன்றாகப் பார்த்தார். "இந்தக் காட்டை எடுத்துருங்க. அது தலை சரியா உங்க தாடைக்குக் கீழதான் வரும். குத்தும், தூசி சேரும். சென்ட், பவுடர், வாசனைச் சோப்பு எதுவும் கூடாது."

"மாஸ்க் போட்டுக்கிட்டா?"

"மாஸ்க்கும் போடணும், தாடியும் எடுக்கணும். ஏன் சார், வேண்டுதலா?"

"இல்ல" என்றேன். உண்மை. நான் யாரிடமும் எதுவும் வேண்டவே இல்லை. வேண்டியிருந்தால் இந்நேரம் அந்தச் சாமியிடம் அனுமதி கேட்டிருக்கலாம். எனக்குக் கேட்க ஆள் இல்லை.

நவம்பர் 12

காலையில் மாமியார் வீட்டிலிருந்து ஒரு துணிப்பையோடு வந்தார். ரேசர், பிரஷ், கிண்ணம், கத்தரிக்கோல். அடியில் ஒரு பிளேடு பெட்டி. பிரிக்காதது.

"பிளேடு தீந்துபோச்சுன்னு கோமதிட்ட சொன்னீகளாம். தட்டு நெறைய இருக்கே, மாப்ள."

"தீந்துதான் போச்சு அத்தை. இது அப்புறம் கிடைச்சது."

"கெடச்சதே நல்லதாப் போச்சு" என்றார். சிரிக்கவில்லை. அதற்காக அவர் காலில் விழலாம் போலிருந்தது.

மருத்துவமனைக் கழிப்பறைக் கண்ணாடி மூலையில் உடைந்திருந்தது. முதலில் கத்தரிக்கோலால் குறைத்தேன். சந்தனச் சோப்புக்குத் தடை, அதனால் குழந்தைக்கு வாங்கிய வாசனையில்லாத சோப்பைக் கிண்ணத்தில் போட்டுக் கலக்கினேன். நுரை என்று சொல்ல முடியாது, துணி துவைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. பூசினேன். ரேசரை எடுத்தேன். கன்னத்தில் வைக்காமல் நின்றேன்.

பயந்தேன். எழுதிவிடுகிறேன், இனி மறைக்க என்ன இருக்கிறது. செப்டம்பர் இரண்டாம் தேதி கையில் ரேசர் இருந்தபோது அவள் கூப்பிட்டாள். அன்றிலிருந்து ரேசரை முகத்தில் வைக்கவில்லை, குழந்தை வயிற்றில் நின்றது. டாக்டர் வரைந்த படம் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது, தினம் எடுத்துப் பார்க்கிறேன். தாடி அந்தப் படத்தில் எங்கேயும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? இப்போது இதை எடுத்து, இன்றைக்கு அவளுக்கு ஏதாவது ஆனால் நான் என்ன செய்வேன்?

கதவுக்கு வெளியே மாமியார் நின்றிருந்தார். "மாப்ள" என்றார். "பிள்ள தனியாக் கெடக்கு."

அதைத்தான் நான் யோசிக்கவில்லை. அம்மா காய்ச்சலில் ஒரு அறையில், அப்பா கண்ணாடி முன்னால், அவள் சுவருக்கு அந்தப் பக்கம் யாருடைய சூடும் இல்லாமல். நான் வளர்த்த தாடி அவளுக்காக என்றால், அதை எடுக்கச் சொல்வதும் அவள்தான்.

அழுத்தவில்லை. ரேசரின் கனத்துக்கு விட்டுவிட்டேன். நுரைதான் போதவில்லை, அதனால் மூன்று வெட்டு.

வெளியே வந்ததும் மாமியார் என் கன்னத்தைப் பார்த்தார். முந்தானை நுனியை நாக்கில் நனைத்து ரத்தத்தைத் துடைக்கப் போனார், சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். "சிஸ்டர் திட்டும்" என்றார். கோமதி அறையைத் தாண்டும்போது எட்டிப் பார்த்தேன். காய்ச்சல் கண்ணோடு என்னைப் பார்த்துவிட்டு, "டேய், யாருடா நீ?" என்றாள். பிறகு, "போ, சீக்கிரம் போ" என்றாள்.

நாற்காலியில் சாய்ந்து உட்காரச் சொன்னார் சிஸ்டர். சட்டைப் பட்டனைக் கழற்றினேன். குழாயோடு அவளைத் தூக்கி என் நெஞ்சில் கவிழ்த்து வைத்தார். ஒன்றுமே வைத்த மாதிரி இல்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன், இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துவிட்டேன் போலிருக்கிறது.

"அழுத்தாதீங்க சார்" என்றார் சிஸ்டர். "சும்மா கையை வைங்க. அவளே ஒட்டிக்குவா."

ஒட்டிக்கொண்டாள். தலையை அப்படி இப்படி அசைத்து, என் தாடைக்கு அடியில் இடம் பார்த்து, ஒரு பெருமூச்சு விட்டாள். ஒரு மணி நேரம் அப்படியே இருந்தோம். சூடு ஏறுகிறது என்று மானிட்டரைப் பார்த்துச் சிஸ்டர் சொன்னார்.

பிளேடு: புதியது. சோப்பு: என் மகளுடையது. வெட்டு: மூன்று. எரிச்சல்: நிறைய. படிகாரம் போடவில்லை, சென்ட் போடவில்லை. புதிதாக மழித்த கன்னத்தில் கண்ணீர் பட்டால் இப்படி எரியும் என்று அந்தக் குழுவில் ஒரு பயல்கூட எழுதவில்லை.